பாசி, மாவு, முட்டை ஓடு: பட்டறைக் கேள்வி–பதில்

கடல்பாசி, மரவள்ளி மாவு, முட்டை ஓடு போன்றவற்றில் தாளும் வார்ப்பும் செய்வது, அவற்றை லேசர் கட்டருக்கும் 3டி பிரிண்டருக்கும் பழக்குவது, இதையெல்லாம் வைத்துப் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் பாடம் நடத்துவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் பத்துக் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் பள்ளியின் அடல் டிங்கரிங் லேபில் (மத்திய அரசுத் திட்டத்தில் அமைந்த செய்முறைக் கூடம்) 3டி பிரிண்டர் உண்டு. அது உருக்கி அடுக்கடுக்காக இடும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இழை சோளத்திலிருந்து வருவது, மக்கிவிடும் என்று சொல்கிறார்கள். மாணவர்களிடம் அப்படியே சொல்லலாமா?
– அறிவியல் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

முதல் பாதியைச் சொல்லலாம், இரண்டாம் பாதியை அப்படியே சொல்லக் கூடாது. சோள மாவு, கரும்புச் சர்க்கரை போன்றவற்றை நொதிக்க வைத்து லாக்டிக் அமிலம் எடுத்து, அதைச் சங்கிலியாகக் கோத்துத்தான் பி.எல்.ஏ. செய்கிறார்கள். ஆனால் அந்தச் சங்கிலி நீளமாக இருக்கும்வரை நுண்ணுயிர்களால் அதைச் சுலபமாகத் தின்ன முடியாது. முதலில் தண்ணீர் அதைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். சுமார் 60 டிகிரி வெப்பமும் ஈரமும் வாரக்கணக்கில் நீடித்தால்தான் அது வேகமாக நடக்கும். பெரிய உரமாக்கும் நிலையத்தில் அந்தச் சூடு கிடைக்கும். பள்ளித் தோட்டக் குழியின் மண் 30, 35 டிகிரியில்தான் இருக்கும். அங்கே புதைத்த பி.எல்.ஏ. சாவி வளையம் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். மக்குவது பொருளின் குணம் மட்டுமல்ல, அது போய்ச் சேரும் இடத்தையும் பொறுத்தது. இதை மாணவர்களுக்குப் புரியவைத்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

அதற்காகப் பிரிண்டரை மூடி வைக்க வேண்டாம். பொருளை அச்சிடுவதை விட்டு, வார்க்கும் அச்சை அச்சிடுங்கள். ஒரே அச்சில் வகுப்பு முழுவதும் மாறி மாறி வார்க்கலாம். பக்கச் சுவர்கள் 5 டிகிரி வெளிப்புறம் சாய்ந்திருக்கட்டும், ஆழம் 8 மி.மீ.க்குள் இருக்கட்டும், மேல்பக்கம் திறந்திருக்கட்டும். 55 டிகிரிக்கு மேல் சூடான எதையும் ஊற்ற வேண்டாம், பி.எல்.ஏ. வளைந்துவிடும்.

கடல்பாசியில் (அகர் அகர்) தாள் செய்தோம். ஒரு தடவை சுருண்டது, ஒரு தடவை கிழிந்தது, ஒரு தடவை ஒட்டிக்கொண்டே இருந்தது. சரியான அளவு என்ன?
– வடிவமைப்பு மாணவர்கள், கோயம்புத்தூர்

மூன்று கோளாறுக்கும் மூன்று காரணம். முதலில் அளவைச் சொல்லிவிடுகிறோம்.

20 × 20 செ.மீ. தட்டு ஒன்றுக்கு: தண்ணீர் 150 மி.லி., அகர் தூள் 6 கிராம், கிளிசரின் 5 கிராம் (4 மி.லி.). சைனா கிராஸ் என்று கடையில் விற்கும் நார்ப்பாசியும் ஆகும், ஆனால் அதைத் துண்டாக்கி ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். அளவு தப்பாமல் செய்யத் தூளே வசதி. தூளைப் பச்சைத் தண்ணீரில் தூவிப் பத்து நிமிடம் விடுங்கள். கொதிக்கும் நீரில் கொட்டினால் வெளியே பசையும் உள்ளே மாவுமாகக் கட்டி தட்டும். பிறகு சிறு தீயில் கிளறிக்கொண்டே கொதி வரவிட்டு, கரண்டியைத் தூக்கிப் பார்த்தால் ஒரு துகள்கூடத் தெரியாத வரை இரண்டு மூன்று நிமிடம் வைத்திருங்கள். அகர் கரைய 85 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் உறைவது 40 டிகிரிக்குக் கீழே வந்த பிறகுதான். இந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். இறக்கி, கிளிசரினைக் கலந்து, மேலே வரும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிட்டு, 60 டிகிரி வாக்கில் சமமட்டமான அக்ரிலிக் தகட்டில் ஊற்றுங்கள். பி.எல்.ஏ. அச்சானால் 50 டிகிரிக்கு ஆறவிட்டு ஊற்றுங்கள்.

ஊற்றும்போது ஏறக்குறைய 4 மி.மீ. கனம் இருக்கும். காய்ந்தபின் கால் மி.மீ. கூட இராது. 150 மி.லி. கரைசலில் மிஞ்சுவது 10 மி.லி. கூட இல்லை. தட்டில் ஒட்டியபடி காயும் தாள் இந்தச் சுருக்கம் முழுவதையும் கனத்தில் வாங்கிக்கொள்கிறது, நீள அகலம் அப்படியே நிற்கும். அச்சிலிருந்து எடுத்துத் தனியாகக் காயவைத்தாலோ எல்லாப் பக்கமும் சுருங்கி, நீளத்திலேயே பாதிக்கும் கீழே வந்துவிடும். அச்சை வடிவமைக்கும் முன்பே இதைக் கணக்கில் எடுங்கள்.

இனி உங்கள் கோளாறுகள். சுருண்டது: வெயிலிலோ மின்விசிறிக்கு நேர் கீழோ வைத்திருப்பீர்கள். விளிம்பு முதலில் காய்ந்து இழுத்திருக்கும். முதல் நாள் நிழலில் வையுங்கள், விளிம்பு எழும்பத் தொடங்கியதும் லேசரில் வெட்டிய ஒரு சட்டத்தை மேலே வைத்துக் கிளிப் போட்டு அழுத்துங்கள். கிழிந்தது: ஈரம் இருக்கும்போதே உரித்திருப்பீர்கள். நடு இடத்தைத் தொட்டால் சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. நல்ல காற்றோட்டத்தில் மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். ஒட்டியது: கிளிசரின் அதிகம். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். கிளிசரின் எடை அகரின் எடையைத் தாண்ட வேண்டாம். கடலோர ஊர்களில் 4 கிராமே போதும்.

வெளியாகும் பல செய்முறைகள் நிறையத் தண்ணீர் ஊற்றி, அதைக் கொதிக்க வைத்தே வற்றவைக்கச் சொல்கின்றன. 250 மி.லி. தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டிய வெப்பம் சுமார் 68 கிலோஜூல். அதில் 200 மி.லி.யை ஆவியாக்க வேண்டியது சுமார் 450 கிலோஜூல், ஆறரை மடங்கு. காற்று சும்மா செய்து தரும் வேலைக்கு எரிவாயுவைச் செலவழிக்க வேண்டாம். தண்ணீரை முதலிலேயே குறைத்து ஊற்றுங்கள். மாணவர்களே கரும்பலகையில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

மரவள்ளி மாவுத் தாள் வெடித்துப் போகிறது. ஜவ்வரிசியை அரைத்துப் போட்டாலும் சரியாக வரவில்லை.
– சுயஉதவிக் குழுவினர், சேலம் மாவட்டம்

ஜவ்வரிசி செய்யும்போதே வறுபட்டுப் பாதி வெந்துவிடுகிறது, அதனால் அரைத்தாலும் கட்டி தட்டும். கிழங்கை நறுக்கிக் காயவைத்து அரைத்த மாவில் நாரும் இருக்கும். தாளுக்கு வேண்டியது வெள்ளை வெளேர் என்ற ஸ்டார்ச். உங்கள் ஊரில் அது கிடைப்பது கடினமில்லை.

ஸ்டார்ச் 12 கிராம், தண்ணீர் 100 மி.லி., கிளிசரின் 4 கிராம், வினிகர் 4 மி.லி. எல்லாவற்றையும் பச்சையாகவே கரைத்து, சிறு தீயில் கை விடாமல் கிளறுங்கள். வடாம் கூழ் பதம்தான்: பால்போல் இருப்பது கண்ணாடிபோல் தெளிந்து கரண்டியில் கனத்து விழ வேண்டும். வெள்ளைத் திட்டு தெரிந்தால் வேகவில்லை, அந்த இடத்தில்தான் முதல் வெடிப்பு வரும். வினிகரை இங்கே சூட்டோடு சேர்ப்பது நல்லது, கிளைவிட்ட மாவுச் சங்கிலிகளை அது கொஞ்சம் நறுக்கிவிடும்.

வெடிப்புக்கு முக்கியக் காரணம், தட்டில் இறுக ஒட்டிக்கொண்டு சுருங்க இடமில்லாமல் இழுபடுவது. தட்டுக்குப் பதிலாக நனைத்த பருத்தித் துணியில் பரப்புங்கள். வேட்டியில் வடாம் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிக்கிறோமே, அதே முறை. ஒரு கிராம் வாழைநாரை ஒரு செ.மீ. துண்டுகளாக நறுக்கிக் கலந்தால் வெடிப்பு பரவாமல் நார் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் மாவுத் தாள் சில வாரங்களில் விறைத்து நொறுங்கத் தொடங்கும். வெந்த மாவுச் சங்கிலிகள் மறுபடி வரிசை கட்டுவதால் வருவது அது, நேற்றைய சோறு விறைப்பதும் இதனால்தான். விற்பனைக்குச் செய்கிறீர்கள் என்றால் வாங்குபவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

ஐப்பசி மழையில் எல்லாத் தாளும் பூஞ்சை பிடித்துவிட்டது. என்ன மருந்து சேர்க்கலாம்?
– கைவினைப் பயிற்றுநர், நாகப்பட்டினம்

மருந்தைவிடக் காற்றுதான் முக்கியம். உறைந்ததும் தகட்டிலிருந்து கிழியாமல் கொசுவலைச் சட்டத்துக்கு மாற்றுங்கள், இரண்டு பக்கமும் காயும். ஆனால் மேலே சொன்னபடி நீள அகலமும் சுருங்கும். 4 மி.மீ.க்கு மேல் ஊற்ற வேண்டாம். கிராம்பு எண்ணெய் 150 மி.லி.க்கு ஐந்தாறு சொட்டு உதவும். வினிகர் சேர்ப்பதானால் அகருக்கு அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே சேருங்கள். கொதிக்கும்போது அமிலம் பட்டால் அகரின் இறுகும் சக்தியே போய்விடும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கு மரவள்ளி மாவும் காகிதக் கூழும் சேர்த்து, பூச்சி அரிக்காமல் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள். கைதேர்ந்தவர்களின் முறை அது. மயில்துத்தம் நஞ்சு, பிள்ளைகள் கைபடும் வகுப்பில் வேண்டவே வேண்டாம்.

லேசர் கட்டரில் பாசித் தாளை வெட்டினால் கருகுகிறது, அல்லது வெட்டிய இடம் மறுபடி ஒட்டிக்கொள்கிறது.
– பாலிடெக்னிக் மாணவர், மதுரை

மறுபடி ஒட்டினால் தாள் காயவில்லை, அல்லது கிளிசரின் மிகுதி. இன்னும் ஒரு நாள் காயவிடுங்கள். கருகினால் வேகம் போதவில்லை. 60 வாட் கார்பன் டை ஆக்சைடு லேசரில் கால் மி.மீ. தாளுக்கு 15 சதவீத சக்தி, நொடிக்கு 50 மி.மீ. வேகம் என்று தொடங்கலாம். இது தொடக்கப் புள்ளி மட்டுமே. குழாயின் வயது, லென்ஸின் அழுக்கு எல்லாம் எண்களை மாற்றும். ஒவ்வொரு புதுத் தாளிலும் ஐந்து வேகம், ஐந்து சக்தி என 25 சிறு சதுரங்களை வெட்டிப் பார்த்து, நல்லதின் எண்ணைத் தாளின் மேலேயே எழுதி வையுங்கள். ஊதும் காற்றில் தாள் எழும்பினால் கதிர் குவியும் இடம் மாறிவிடும். தாளைத் தாங்கும் தேன்கூட்டுத் தட்டு இரும்பானால் சிறு காந்தங்களால் நான்கு ஓரமும் அழுத்துங்கள்.

வெட்டும்போது சர்க்கரை கருகும் வாசனைதான் வரும், ஆனாலும் புகைபோக்கி ஓடியே ஆக வேண்டும். தீப்பற்றக்கூடிய பொருள் என்பதால் இயந்திரத்தை விட்டு நகரக் கூடாது. ஒப்பிட்டுக் காட்டுகிறேன் என்று ரெக்ஸின், பி.வி.சி. பலகை எதையும் உள்ளே வைத்துவிடாதீர்கள். அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலையும் கெடுக்கும், இயந்திரத்தின் கண்ணாடியையும் தண்டவாளத்தையும் அரிக்கும். இன்னதென்று தெரியாத பிளாஸ்டிக்கா? ஆசிரியர் திறந்தவெளியில், செம்புக் கம்பியைச் சூடாக்கி அதில் தொட்டு, மறுபடி தீயில் காட்டட்டும். பச்சைச் சுடர் வந்தால் அது லேசருக்கு ஆகாது.

சத்துணவு மையத்தில் தினமும் முட்டை ஓடு மிஞ்சுகிறது. 3டி பிரிண்டரில் அதைப் பயன்படுத்த முடியுமா?
– தலைமையாசிரியர், ஈரோடு மாவட்டம்

முடியும். தமிழ்நாட்டுப் பள்ளிகள் தொடங்குவதற்கு இதைவிட நல்ல மூலப்பொருள் இல்லை என்பது எங்கள் கருத்து. ஏற்கெனவே வெந்த ஓடு, கிருமிப் பயம் குறைவு. ஒரு ஓடு ஐந்து, ஆறு கிராம் இருக்கும், நூறு முட்டைக்கு அரைக் கிலோ. அதில் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்தான கால்சியம் கார்பனேட்.

உள்சவ்வை உரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாறும். இன்னொரு தடவை பத்து நிமிடம் கொதிக்கவைத்து, மொறுமொறுப்பாகக் காயவைத்து மிக்சியில் அரையுங்கள். தூசி மூக்கில் ஏறும், முகக்கவசம் போடுங்கள். பிறகு சித்த மருத்துவர்கள் வஸ்திரகாயம் செய்வதுபோல மெல்லிய துணியில் சலியுங்கள். துவாரத்தில் அடைப்பதெல்லாம் சலிக்காமல் விட்ட துகள்தான்.

பசைக்கு சோடியம் ஆல்ஜினேட். மன்னார் வளைகுடாப் பக்கம் கட்டக்கோரை என்று அழைக்கும் பழுப்புப் பாசியிலிருந்து எடுப்பது. தண்ணீர் 100 மி.லி.க்கு 4 கிராம். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: போர் தண்ணீரை ஊற்றுகிறார்கள். உப்பு நீரிலுள்ள கால்சியம் ஆல்ஜினேட்டை அங்கங்கே பிடித்து இறுக்கிக் கட்டி கட்டியாக்கும். காய்ச்சி வடித்த நீரோ ஆர்.ஓ. நீரோ ஊற்றுங்கள். மிக்சி ஓடும்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, மூடி, குளிர்பெட்டியில் ஒரு இரவு வைத்தால் குமிழெல்லாம் மேலே வந்துவிடும். மறுநாள் ஓட்டுத் தூளை 100 கிராமில் தொடங்கி, பத்துப் பத்தாகக் கூட்டி 140 வரை பாருங்கள். பதம் முறுக்கு மாவு: 60 மி.லி. சிரிஞ்சில் கையால் பிழிந்தால் அறுபடாமல் வர வேண்டும், வந்த கோடு படர்ந்து போகக் கூடாது. இதில் வினிகர் சேர்க்காதீர்கள். ஓடு நுரைத்து, வெளிவரும் கால்சியம் சிரிஞ்சுக்குள்ளேயே பசையை இறுக்கிவிடும்.

பிரிண்டரின் சூடான தலையைக் கழற்றிவிட்டு சிரிஞ்சைப் பொருத்தும் அமைப்பு வேண்டும். துவாரம் 2 மி.மீ., அடுக்கின் உயரம் 1.3 மி.மீ., வேகம் நொடிக்கு 10 முதல் 15 மி.மீ. ஒரு கோட்டை முடித்து வேறு இடத்துக்குத் தாவும்போது ஒழுகாமல் பசையைப் பின்னிழுப்பது இதில் வேலைக்காகாது. அதனால் கை எடுக்காமல் போடும் சிக்குக் கோலம்போல ஒரே கோடாக ஓடும் வடிவத்தை வரையச் சொல்லுங்கள். அந்தரத்தில் நீட்டும் பகுதிகள் சரிந்துவிடும். முடிந்ததும் நூறு மி.லி.க்குப் பத்து கிராம் கால்சியம் குளோரைடு கரைத்த நீரைத் தெளித்தால் மேல்தோல் உடனே இறுகும். இரண்டு மூன்று நாள் நிழலில் காயட்டும். 50 மி.மீ. கோடு ஒன்றைத் தனியே அச்சிட்டு, காய்ந்தபின் அளந்து பாருங்கள். உங்கள் கலவையின் சுருக்கத்தை அதுதான் சொல்லும்.

இதில் சாப்பாட்டுத் தட்டு செய்து விற்கலாமா?
– தொழில் தொடங்க விரும்புபவர், திருச்சி

வேண்டாம். சுடச்சுடச் சாம்பார் ஊற்றினால் பாசித் தாள் இளகும், மாவுத் தாள் ஊறிக் கூழாகும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. ஆனால் அந்த இடத்தை நிரப்ப வாழை இலையும் தையல் இலையும் பாக்குமட்டைத் தட்டும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றோடு போட்டி போடாதீர்கள். உலர்ந்த விதைப் பை, பொருளோடு கட்டும் அடையாளச் சீட்டு, பொட்டலத்துக்குள் வைக்கும் தாங்கு, பாட மாதிரிகள் – இவை உங்கள் தாளுக்குப் பொருந்தும்.

சிறு பிள்ளைகளுக்கு ஒரே வகுப்பில் செய்து காட்ட ஏதாவது?
– ஐந்தாம் வகுப்பு ஆசிரியர், தென்காசி

பாசிக் கரைசலில் அரை டீஸ்பூன் மஞ்சள்தூளைக் கலந்து நீங்களே முன்கூட்டித் தாள் செய்து வையுங்கள். வகுப்பில் பட்டை பட்டையாக வெட்டிக் கொடுத்து, சோப்புத் தண்ணீர், சுண்ணாம்புத் தெளிவு, எலுமிச்சைச் சாறு மூன்றிலும் ஒவ்வொரு சொட்டு விடச் சொல்லுங்கள். ஆரத்தியில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதைப் பார்த்த பிள்ளைகள் காரணத்தைத் தாங்களே சொல்வார்கள். தாளை வெயிலில் வைக்க வேண்டாம், மஞ்சள் வெளுத்துவிடும்.

செய்து முடித்த பொருள் உண்மையிலேயே மக்குகிறதா என்று மாணவர்கள் எப்படிச் சோதிப்பது?
– உயிரியல் ஆசிரியை, புதுச்சேரி

இந்தக் கேள்விக்காக நன்றி சொல்கிறோம். பெரும்பாலான பயிலரங்குகள் அழகான ஒரு பொருளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகின்றன, அது மண்ணுக்குப் போகும் நாளை யாரும் பார்ப்பதில்லை. அந்த நாள்தான் பாடம்.

5 × 5 செ.மீ. துண்டுகளாக ஐந்து பொருட்கள்: பாசித் தாள், மாவுத் தாள், செய்தித்தாள், பி.எல்.ஏ. தகடு, ‘மக்கும்’ என்று அச்சிட்ட கடைப் பை. நான்கு தவணைகளில் தோண்டப் போகிறீர்கள், தவணைக்கு மூன்று துண்டு. ஆக ஒவ்வொன்றிலும் 12 துண்டு வேண்டும். ஒரே துண்டை வைத்து முடிவு சொன்னால் எறும்பு இழுத்துப் போனதைக்கூட மக்கிவிட்டது என்று எழுதிவிடுவோம். பாசித் துண்டு ஒன்றின் எடை ஒரு கிராமுக்கும் குறைவு. அதனால் நகைக்கடையில் வைத்திருப்பதுபோல 0.01 கிராம் காட்டும் தராசு தேவை. எடை மாறாத வரை காயவைத்து நிறுத்து, கொசுவலைப் பைகளில் போட்டு, எண் எழுதிய குச்சி நட்டு, 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் புதையுங்கள். மண் ஈரமாகவே இருக்கட்டும். 1, 2, 4, 8 ஆகிய வாரங்களின் முடிவில் தோண்டி, மெதுவாகக் கழுவி, அதே மாதிரி காயவைத்து நிறுங்கள்.

முதல் வாரமே பாசித் தாளின் எடை பெரிதும் குறைந்திருக்கும். அது மக்கியதல்ல, கிளிசரின் ஈரத்தில் கரைந்து மண்ணுக்குப் போய்விட்டது. மேலே சொன்ன அளவின்படி தாளின் எடையில் ஏறக்குறைய பாதி கிளிசரின்தானே. ஆகையால் இன்னும் மூன்று துண்டுகளை வெறும் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, காயவைத்து நிறுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே எடை போனால்தான் மண்ணின் வேலை. பி.எல்.ஏ. எட்டாம் வாரமும் புதைத்த எடையிலேயே வெளியே வரும். கடைப் பையின் எடையையும் அட்டவணையில் எழுதட்டும். பையில் ஐ.எஸ். 17088 என்ற தரக் குறியீடு இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளட்டும்: உரமாக்கும் நிலையச் சூழலில் மக்கும் பிளாஸ்டிக்குக்கான தரம் அது, தோட்டக் குழிக்கானது அல்ல.

மிஞ்சிய கரைசலைத் தொட்டியில் ஊற்றலாமா?
– ஆய்வக உதவியாளர், திருநெல்வேலி

ஊற்றாதீர்கள். சூடாகப் போன அகர் குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும். மறுபடி உருக்க 85 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அந்தச் சூட்டில் பி.வி.சி. குழாய் தளர்ந்துவிடும். தட்டில் ஊற்றி உறையவிட்டு, வழித்தெடுத்து டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஒரு வாரத்துக்குள் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து உருக்கி மறுபடி வார்க்கலாம், வெட்டிய தாளின் துண்டு துணுக்குகளையும் அதிலேயே போடலாம். வெந்த மாவும் கால்சியத்தில் இறுகிய ஆல்ஜினேட்டும் அப்படி உருகாது, அவை உரக்குழிக்கு. பாத்திரத்தை ஆறுவதற்கு முன் துணியால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.